பின் இருக்கைக்குத் தோள் வார் வந்த வரலாறு

வரலாறு என்றவுடன் முடிமன்னர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் நெட்டுருச் செய்ததே நம்மில் பலருக்கு நினைவில் எழும். இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு நெய்த நாடாவுக்கும் வரலாறு உண்டு. மோட்டார் வண்டியில் அமர்வோரை இருக்கையோடு பிணைக்கும் அந்நாடாவைச் ‘சீட் பெல்ட்’ என்று வழங்குகிறோம். இக்கட்டுரையில் அதனை இருக்கை வார் என்று குறிப்போம். மடியின் குறுக்கே இடுப்பைப் பிணைப்பது இடுப்பு வார். தோளின் மேலிருந்து மார்பைக் குறுக்காகக் கடந்து வருவது தோள் வார். இவ்விரண்டும் இணைந்த முழு வார் 1959ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் கிடைத்துவிட்டது. ஆயினும், கார்கள் மலிந்த அமெரிக்காவிலேயே அது குழந்தைகள் அமரும் பின் இருக்கைக்குச் சட்டப்படி வந்து சேர முப்பது ஆண்டுகள் ஆயின. வேன்களுக்கு அதனினும் பிந்தியே வந்தது. பழைய வேன்கள் பலவற்றுக்கு வரவேயில்லை. இந்தத் தாமதம் எங்ஙனம் நேர்ந்தது, அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதை அறிவது நமக்குத் தேவை. ஏனெனில் நம் இளைஞருள் பலர் வேன் ஓட்டுகின்றனர். சிலர் பட்டறையில் வேலை செய்கின்றனர். பெற்றோருள் பலர் தம் பிள்ளைகளை நாள்தோறும் வேனில் ஏற்றி அனுப்புகின்றனர். புது வண்டி வாங்கும் வசதியும் நம்மில் பலருக்கு இல்லை. பிறர் ஓட்டி முடித்த வண்டியே நம் கைக்கு வருகிறது.

மனிதனைக் கட்டிப் பாதுகாக்கும் வாருக்கு அமெரிக்காவில் 1885இலேயே கிளகோர்ன் என்பவர் காப்புரிமை பெற்றார். அது உயரமான இடங்களில் ஏறி இறங்குவோரைப் பொருள்களோடு பிணைப்பதற்கான கச்சை. பின்னர் விமானங்கள் வந்தபோது, கவிழ்ந்தால் விமானி விழுந்துவிடாதிருக்க இடுப்பு வார் பூட்டப்பட்டது. 1917இல் டெக்சாஸ் மாநிலத்தில் பயிற்சியில் இருந்த ஹியூ டிஹேவன் என்ற இளைஞரின் விமானம் மற்றொரு விமானத்தோடு மோதி விழுந்தது. அவர் பிழைத்தார், ஆனால் வயிற்றின் உள்ளுறுப்புகள் கடுமையாகச் சிதைந்திருந்தன. படுக்கையில் கிடந்தபடியே எண்ணிப் பார்த்தவர், தம்மைக் காயப்படுத்தியது விமானம் அன்று, தாம் அணிந்திருந்த வாரின் பூட்டே என்ற முடிவுக்கு வந்தார். காப்பதற்கென அமைந்த கருவியே தவறான இடத்தில் அமர்ந்தால் காயம் செய்யும் என்ற உண்மை அப்போதே வெளிப்பட்டுவிட்டது. இவ்வுண்மையைக் குழந்தைகள் பொருட்டு உலகம் மீண்டும் கற்க வேண்டியிருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

டிஹேவன் 1942இல், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். விழுவது கொல்வதில்லை, எதன்மீது, எவ்வளவு திடீரென நிற்கிறோம் என்பதே உயிரை முடிவு செய்கிறது என்று அவர் காட்டினார். 1954 டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்க விமானப் படையின் மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில் ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் தம்மையே வாரால் கட்டிக்கொண்டு மணிக்கு 632 மைல் வேகத்தில் சென்றார். சுமார் 1.4 விநாடியில் அவ்வண்டி நிறுத்தப்பட்டது. உடலெங்கும் நன்கு கட்டப்பட்ட மனிதன் எத்துணை பெரிய அதிர்ச்சியையும் தாங்குவான் என்பதற்கு அவர் உடலே சான்றாயிற்று. தம் உடலைச் சோதனைக் களமாக்கிய அம்மருத்துவரின் பெயர் நம் பாடநூல்களில் இடம் பெறத் தக்கது என்பது நம் கருத்து.

இனி, கார்களுக்கு வருவோம். சுவீடன் நாட்டின் சாப் விமான நிறுவனத்தில், ஆபத்து நேர்கையில் விமானியை வெளியே வீசும் இருக்கைகளை வடிவமைத்தவர் நில்ஸ் போலின். 1958இல் வால்வோ கார் நிறுவனம் அவரைப் பாதுகாப்புப் பொறியாளராக அமர்த்தியது. விமானி எத்தனை கட்டு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். கார் ஓட்டுபவரோ ஒரு நிமிடத் தொல்லையையும் பொறுக்கமாட்டார். ஆதலின் ஒரே கையால் பூட்டக்கூடியதாகவும், உடலின் வலிமையான எலும்புகளில் மட்டும் அழுத்துவதாகவும் ஒரு வாரை அவர் சிந்தித்தார். ஒரு முனை தோளுக்கு மேல் வண்டியின் தூணில். மற்ற இரு முனைகள் இடுப்பின் இரு புறமும் கீழே. பூட்டு வயிற்றின்மேல் இல்லாமல் இடுப்பின் ஓரத்தில் அமைந்தது. மூன்று இடத்தில் பிணைந்த இந்த வாருடன் முதல் கார் 1959 ஆகஸ்டில் விற்பனைக்குச் சென்றது. அந்நிறுவனம் காப்புரிமையைத் தன் பெட்டியில் பூட்டி வைக்காமல் பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுவிட்டது. 1967இல் 28,000 விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், இவ்வாரை அணிந்தோருள் மணிக்கு 60 மைலுக்குக் குறைந்த வேகத்தில் எவரும் இறக்கவில்லை என்று அந்நிறுவனம் தெரிவித்தது.

அமெரிக்காவில் ரால்ப் நேடர் 1965இல் எழுதிய நூல் ஒன்று கார் நிறுவனங்களின் அலட்சியத்தை நாடறியச் செய்தது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி, 1968 ஜனவரி முதல் அங்கு உருவாகும் கார்களில் முன் இருக்கையின் இரு ஓரங்களுக்கும் தோள் வார் கட்டாயமாயிற்று. பின் இருக்கைக்கு? இடுப்பு வார் மட்டும் போதும் என்று விதித்தனர். முன்னே அமர்பவர் சக்கரத்திலும் கண்ணாடியிலும் மோதுவர், பின்னே அமர்பவருக்கு அத்துணை ஆபத்து இல்லை என்பது அன்றைய எண்ணம். அந்த எண்ணத்தோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் கோடிக்கணக்கான கார்களும் வேன்களும் செய்து விற்கப்பட்டன. பின்னால் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இடுப்பு வார் மட்டும் பூட்டிய குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வேன் ஒன்று எதிலோ மோதி நிற்கிறது. வேன் நின்றுவிடும், உள்ளிருக்கும் குழந்தை நிற்காது, அதே வேகத்தில் முன்னே செல்லும். நியூட்டன் விதியைப் படித்தவர் இதனை அறிவர். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று அடுக்கு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து, தரையில் விழும்போது உள்ள வேகம் இது. குழந்தையின் எடை 20 கிலோ என்றும், பத்தில் ஒரு விநாடியில் அது நிறுத்தப்படுகிறது என்றும் கொண்டால், அதனைத் தடுத்து நிறுத்த 280 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். “மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் அன்னையின் அன்பை நாம் மதிக்கிறோம். அவர் கைகளுக்கு அந்த வலிமை இல்லை. இடுப்பு வார் மட்டும் இருப்பின் இந்த 280 கிலோவும் ஒரே கோட்டில் வயிற்றின் அடிப்பகுதியில் இறங்குகிறது. வளர்ந்தவர்க்கு இடுப்பெலும்பின் முன்புற மேடு வாரைத் தாங்கி நிற்கும். சிறு குழந்தைகளுக்கு அம்மேடு இன்னும் உருவாகியிருக்காது. வார் மேலே நழுவி மென்மையான வயிற்றில் புதையும். மேலுடம்பைத் தடுப்பார் இல்லாமையால் உடல் மடக்குக் கத்திபோல் மடியும். தலை முழங்காலிலோ முன் இருக்கையிலோ சென்று மோதும். குடல் கிழிதலும் முதுகெலும்பு பிளத்தலும் இவ்வாறு நேர்வன. அந்த முதுகெலும்பு முறிவை 1948இலேயே சான்ஸ் என்ற மருத்துவர் விவரித்திருந்தார். இத்தகைய காயங்களின் தொகுதிக்கு ‘இருக்கை வார்க் காயத் தொகுதி’ என்ற பொருள்பட மருத்துவ இதழ் ஒன்றில் பெயரிடப்பட்டது 1962ஆம் ஆண்டில். அதாவது, பின் இருக்கைக்கு இடுப்பு வார் போதும் என்று விதிப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே மருத்துவர்கள் இதனை அறிந்திருந்தனர்.

1986இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகம், முன்புறம் மோதிய 26 விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இடுப்பு வார் அணிந்திருந்தவர் பலருக்கு அந்த வாராலேயே கடுங்காயமும் மரணமும் விளைந்ததை அவ்வறிக்கை மறைக்காமல் கூறியது. பின் இருக்கைகளுக்குத் தோள் வார் வேண்டும், முன்பே விற்ற வண்டிகளிலும் அதனைச் சேர்க்க வழி செய்ய வேண்டும் என்றும் வற்புறுத்தியது. இது பெற்றோரிடையே பெருங்கலக்கத்தை உண்டாக்கியது. வாரை அணிந்தால் ஆபத்து, அணியாவிடில் அதனினும் ஆபத்து என்ற நிலை! இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இடுப்பு வார் தீங்கென்று அவிழ்த்துவிட்டு அமர்வது அறிவுடைமை ஆகாது. அந்நாட்டு அரசு 1999இல் வெளியிட்ட கணக்கின்படி, கார்களின் பின்புற ஓர இருக்கைகளில் இடுப்பு வார் மரணத்தை 32 விழுக்காடும், தோள் வாரும் சேர்ந்தது 44 விழுக்காடும் குறைத்தன. வேன் முதலிய உயர்ந்த வண்டிகளில் அவை 63 விழுக்காடும் 73 விழுக்காடும் ஆகும். வண்டி கவிழும்போது வெளியே வீசப்படாமல் காப்பதில் இடுப்பு வாருக்கும் பெரும் பங்குண்டு. முழு வார் கிடைக்கும் வரை பாதி வாரையும் விடலாகாது.

அறிக்கை வந்தபின் நிறுவனங்கள் சில, பழைய வண்டிகளின் பின் இருக்கைக்குத் தோள் வார் சேர்க்கும் தொகுப்புகளை விற்கத் தொடங்கின. கார் வைத்திருந்தவர்களுக்கு இதில் தொல்லை குறைவு. ஏனெனில் 1970களின் தொடக்கத்திலிருந்தே கார்களின் பின்புறத் தூணில் தோள் வாருக்கான பிணைப்பிடம் அமைத்து, அதன்மேல் துணியோ மூடியோ போட்டு மறைத்து விற்றனர். துளை இருந்தது, வார் மட்டும் இல்லை! வேன்களுக்கு அந்தத் துளையும் பெரும்பாலும் இல்லை. சட்டமும் அதே வரிசையில் நடந்தது. புதிய கார்களின் பின்புற ஓர இருக்கைகளுக்குத் தோள் வார் 1989 டிசம்பரில் கட்டாயமாயிற்று. வேன்களுக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் 1991 செப்டம்பரில். அப்போதும் நடு இருக்கைக்கும், வேனுள் நடைவழியை ஒட்டிய இருக்கைக்கும் இடுப்பு வாரே போதும் என்று விட்டுவிட்டனர். அங்கே தோள் வார் அமைக்கும் செலவுக்கு ஈடான பயன் இல்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. உயிரைச் செலவுக் கணக்கில் வைத்து, குறைவாகக் கவனிக்கப்படும் இருக்கையைக் கடைசிக்குத் தள்ளும் இம்முறை நமக்குப் புதிதன்று.

அக்கணக்கின் விளைவு நீதிமன்றம் வரை சென்றது. 2002இல் யூட்டா மாநிலத்தில், 1993ஆம் ஆண்டு மாஸ்டா வேன் ஒன்றில் ஒரு குடும்பம் சென்றுகொண்டிருந்தது. இழுத்துச் செல்லப்பட்ட ஜீப் ஒன்று பிணைப்பு அறுந்து வந்து அவ்வேன்மீது மோதியது. தோள் வார் இருந்த இருக்கைகளில் அமர்ந்திருந்த தந்தையும் மகளும் பிழைத்தனர். நடைவழியை ஒட்டிய இருக்கையில் இடுப்பு வார் மட்டும் அணிந்திருந்த தாய் இறந்தார். ஒரே வேன், ஒரே மோதல்; இருக்கைதான் வேறு. அரசு அனுமதித்ததையே செய்தோம், எம்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்று நிறுவனம் வாதிட்டது. மாநில நீதிமன்றங்கள் அதனை ஏற்றன. 2011 பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, குடும்பத்தார் வழக்கு நடத்தலாம் என்று ஒருமனதாகக் கூறியது. அதற்குள் நடு இருக்கைக்கான விதியும் வந்துவிட்டது. காரிலிருந்து வீசப்பட்டு இறந்த 4 வயதுச் சிறுவன் ஒருவன் நினைவாக ‘ஆண்டன் சட்டம்’ எனப் பெயர் பெற்ற அது 2002 டிசம்பரில் கையெழுத்தாகி, 2007க்குள் புதிய வண்டிகள் அனைத்துக்கும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

இவையெல்லாம் புதிய வண்டிகளுக்கான விதிகள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வேன்களிலும் குழந்தைகள் பொருட்டு வார் பொருத்தியே ஆகவேண்டும் என்று கட்டளையிட்ட நாடு பிரிட்டன். 1993 நவம்பர் 18ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், லண்டனில் இசை நிகழ்ச்சி கண்டு திரும்பிய ஹேக்லி ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் சிறுபேருந்து எம்40 நெடுஞ்சாலையில், ஓரமாக நின்றிருந்த சாலைப் பராமரிப்பு வண்டி ஒன்றின்மீது மோதியது. 12 குழந்தைகளும், வண்டியை ஓட்டி வந்த ஆசிரியையும் இறந்தனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மால் இச்செய்தியை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை. அக்காலத்தில் இத்தகைய வண்டிகளின் பின்பகுதி இருக்கைகளில் வார் இருக்க வேண்டும் என்ற விதி அங்கு இல்லை. பக்கவாட்டுப் பலகைகளில் பிள்ளைகளை எதிரெதிரே அமர்த்துவதும், மூன்று பிள்ளைகளை இரண்டு பேராகக் கணக்கிட்டு ஏற்றுவதும் சட்டத்துக்கு உட்பட்டவையே. பிள்ளைகளை இழந்த பெற்றோர் அழுது ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் அரசை அணுகி வற்புறுத்தினர். 1997 பிப்ரவரி முதல், குழந்தைகளைக் குழுவாக ஏற்றிச் செல்லும் சிறுபேருந்துகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னோக்கிய இருக்கையும் வாரும் இருத்தல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. புதியது, பழையது என்ற வேறுபாடு அதில் இல்லை. மூன்றை இரண்டாக எண்ணும் சலுகையும் அவ்வண்டிகளில் ஒழிந்தது. எனினும் குறைந்த அளவாக இடுப்பு வாரையே அவ்விதி ஏற்றுக்கொண்டது.

பழைய வேனில் தோள் வார் சேர்ப்பது கடையில் ஒரு வார் வாங்கி ஒரு திருகாணி முடுக்குவதோடு முடிவதன்று. பட்டறையில் பணிபுரியும் இளைஞர் இதனைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். அமெரிக்க விதிப்படி முழு வாரின் இடுப்புப் பகுதிக்கான பிணைப்பும் தோள் பகுதிக்கான பிணைப்பும் ஒருங்கே, ஒவ்வொன்றும் 3,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கவேண்டும். இது ஏறத்தாழ 1,360 கிலோ எடை. வேனின் பக்கச்சுவர் மெல்லிய தகடு; அதில் துளையிட்டுப் போல்ட்டை மாட்டினால் மோதலின்போது தகடு துணிபோல் கிழியும். தூணுக்குள் வலுவூட்டிய இடத்திலோ, உள்ளே கனமான எஃகுப் பட்டையைக் கொடுத்தோ பிணைக்க வேண்டும். அடித்தளத்தில் துரு ஏறியிருப்பின் எந்தப் பட்டையும் பயனில்லை. மேல் பிணைப்பு அமர்பவரின் தோளுக்குக் கீழே இருந்தால், வார் தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். சில வேன்களில் பக்கக் கதவு வழுக்கித் திறக்கும் இடத்தில் தூணே இராது. அங்கே வாரை இருக்கையோடு பிணைத்தால், அந்த இருக்கையும் அதன் கால்களும் முழு விசையையும் தாங்கும்படி ஆக்கப்பட்டவையா என்று நோக்குதல் வேண்டும். வாரைச் சுருட்டிக்கொள்ளும் பெட்டிக்குள் வண்டியின் சாய்வை உணரும் சிறு குண்டோ ஊசலோ உள்ளது. குறித்த கோணம் மாறிப் பெட்டியைச் சாய்த்து மாட்டினால், வார் எப்போதும் இறுகிக்கொள்ளும், அல்லது வேண்டிய நேரத்தில் இறுகாது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் வார் ஒருமுறை விபத்தில் இழுபட்டதாக இருக்கலாம். அதன் இழைகள் மீண்டும் அதே வேலையைச் செய்யா. ஆகவே, அந்த வண்டிக்கென உற்பத்தியாளர் வெளியிட்ட தொகுப்பு கிடைக்குமாயின் அதனையே தேடுதல் நன்று.

தோள் வார் பொருத்த இயலாத வேனுக்கும் ஒரு வழியுண்டு. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களின் இடையே ஒன்று என ஐந்து இடத்தில் பிணைக்கும் வார்களைத் தன்னிடத்தே கொண்ட குழந்தை இருக்கையை, வண்டியின் இடுப்பு வாரைக் கொண்டே இறுகக் கட்டலாம். குழந்தையின் மார்பையும் தோளையும் அவ்விருக்கையே தாங்கும். இத்தகைய இருக்கைகள் 1960களில் உருப்பெற்றன. சிறு குழந்தைகளை இவற்றில் அமர்த்தவேண்டும் என்று முதலில் சட்டம் செய்தது அமெரிக்காவின் டென்னசி மாநிலம். 1978இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்துக்குக் காரணர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு விலக்கு உண்டு என்று சட்டமன்றத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டனர். அதனைக் குழந்தையை நசுக்கும் வரி என்று கண்டித்துப் போராடி, 1981இல் நீக்கச் செய்தார் அவர். சற்று வளர்ந்த பிள்ளையை உயர்த்தி அமர்த்தி, வளர்ந்தோர் வாரைப் பொருந்தச் செய்யும் மணைபோன்ற மெத்தையை 1978இல் வால்வோ விற்பனைக்குக் கொணர்ந்தது. இம்மெத்தையை இடுப்பு வார் மட்டுமுள்ள இருக்கையில் வைத்தல் கூடாது. மேலுடம்பு தடையின்றி மடிவதற்கே அது இடமளிக்கும்.

நம் நாட்டில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை வாரோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மராட்டிய மாநிலம் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த கார் ஒன்றின் பின் இருக்கையில் இறந்தபோது, பின்னால் இருந்த இருவரும் வார் அணியவில்லை என்று காவல்துறையினர் கூறினர். முன் இருக்கையினர் பிழைத்தனர். வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆதலின் பழைய வேனில் பிணைப்புகளைச் சேர்க்க எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டு அறிந்துகொள்வது முறை.

அதுவரை, இருக்கிற வேனில் எந்தெந்த இருக்கைக்கு என்ன வார் உள்ளது என்று ஒருநாள் ஏறிப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம். இருக்கை இடுக்கில் புதைந்து கிடக்கும் பூட்டுகளை வெளியே எடுத்துத் தூய்மை செய்து பூட்டிப் பார்க்கலாம். தோள் வார் உள்ள ஓர இருக்கைகளைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, இடுப்பு வார் மட்டுமுள்ள இடத்தில் உடன் செல்லும் பெரியவர் அமரலாம். இதற்குப் பட்டறைச் செலவு ஏதும் இல்லை.